ஒரு கொலைகூட இல்லாத மர்மம்: துப்பறியும் தொடர் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான துப்பறியும் தொடர் ரசிகர்களே,

வீடு அடங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கிரைம் தொடர் பார்க்கிறவர்கள் நீங்கள். 'பிராட்சர்ச்' முடித்த கையோடு 'ஹேப்பி வேலி', அது முடிந்ததும் 'லூதர்' என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'தி பைடர்பெக் அஃபேர்' என்ற தொடரைப் பாருங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கொலை?" என்பதுதான். ஒன்றுகூட இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். என் தொல்லை தாங்காமல் பார்க்க உட்கார்ந்த சிலரும் முதல் எபிசோடைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஒண்ணுமே நடக்கலையே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டீர்கள். அந்த ஒரு வரித் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. என் தரப்பை முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அந்த முதல் எபிசோடில் என்ன நடக்கிறது என்று மறுபடி நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். ஓர் அரசுப் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுக்கும் ட்ரெவர் சாப்ளின் வீட்டில் இருக்கிறார். அழைப்பு மணி அடிக்கிறது. திறந்தால், வெள்ளிமுடி அழகி ஒருத்தி கையில் பொருள் பட்டியலோடு நிற்கிறாள். சிறுவர்களின் கால்பந்து அணிக்கு நிதி திரட்டுவதாகச் சொல்கிறாள். ட்ரெவருக்கு ஜாஸ் என்றால் உயிர். பிக்ஸ் பைடர்பெக்கின் இசைத்தட்டுகளை ஆர்டர் செய்கிறார். வந்து சேர்ந்தது வேறு ஏதோ தட்டுகள். கேட்ட தட்டு வரவில்லை, ஏன் வரவில்லை? மர்மம் என்றால் இவ்வளவுதான்.

இதைத்தான் நீங்கள் அற்பம் என்கிறீர்கள். எனக்கோ இந்தத் தொடக்கத்தைவிட நேர்மையான மர்மத் தொடக்கம் குறைவாகவே கண்ணில் பட்டிருக்கிறது. நம்மில் யாரும் நள்ளிரவில் கடற்கரையில் சடலம் கண்டெடுத்ததில்லை. காசு கொடுத்த பொருள் மாறி வந்து, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் அலைந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. ட்ரெவர் விட்டுவிடக்கூடிய ஆள். அவர் விட்டாலும் விடாதவள் அதே பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஜில் ஸ்வின்பர்ன். இருவரும் ட்ரெவரின் மஞ்சள் வேனில் ஏறித் தட்டைத் தேடப் புறப்படுகிறார்கள். ஊரின் நகராட்சி அரசியலும் காவல்துறையும் எங்கே எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பதுவரை அந்தத் தேடல் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. முடிச்சை அவிழ்த்துச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். ஒரு இசைத்தட்டுக்கும் ஒரு நகரத்தின் ஊழலுக்கும் இடையே ஆறு எபிசோடில் வழி போட்டவர் எழுத்தாளர் ஆலன் பிளேட்டர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை அவருக்கு.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்களுக்காகத் தேதியை நினைவுபடுத்துகிறேன். 1985 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஐடிவி-யில் இது ஒளிபரப்பானது. தயாரித்தது லீட்ஸிலேயே இருந்த யார்க்‌ஷயர் டெலிவிஷன். அப்போது பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை. அது முடிந்தது மார்ச் மாதம். அந்தப் போராட்டத்தின் மையங்களில் ஒன்று யார்க்‌ஷயர். போலீஸ் என்றால் மறியல் செய்தவர்களைத் தடியால் அடித்தவர்கள் என்ற நினைப்பு அந்த மண்ணில் ஆறாமல் இருந்த நேரம். அந்த மண்ணில்தான், அந்த மாதங்களில்தான், சந்தேகத்தின் பேரில் இரண்டு பள்ளி ஆசிரியர்களைப் பின்தொடரும் ஒரு போலீஸ்காரரைப் பிளேட்டர் திரைக்குக் கொண்டுவந்தார். அவர்தான் பட்டதாரி சார்ஜெண்ட் ஹாப்சன். படித்த படிப்பை எங்காவது பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. சாதாரண மனிதர்கள் சாதாரணமாக நடந்துகொள்வதையே பெரிய சதியின் அடையாளமாகப் படித்துக்கொண்டிருப்பார். பார்க்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு, கண்காணிக்கிறவனுக்கு எல்லாமே குற்றமாகத்தான் தெரியும் என்பது உறைக்கும். கோபமாக எழுதப்பட்ட பத்துத் தொடர்களில் எனக்குக் கிடைக்காத தெளிவு அது.

வேலையின்மைக்கு வருகிறேன். தட்டைத் தேடிப் போகும் வழியில் பிக் ஆல், லிட்டில் நார்ம் என்று இருவர் எதிர்ப்படுகிறார்கள். வேலை இல்லாத காலத்தில் தாங்களாகவே ஒரு வியாபாரம் தொடங்கியவர்கள். கடை கிடையாது. பெரிய நிறுவனங்களின் வழியில் போகாமல், சரக்கை வாங்கி, வேண்டியவர்களுக்கு மலிவாகச் சேர்ப்பதுதான் தொழில். கள்ளச்சந்தை என்று யாராவது சொல்லிவிட்டால் பிக் ஆலுக்குப் பொறுக்காது. அதற்கு நேர்மாறான பெயர் ஒன்றைத் தன் வியாபாரத்துக்கு அவரே வைத்திருக்கிறார், அதற்கு ஒரு கொள்கை விளக்கமும் வைத்திருக்கிறார். டெரன்ஸ் ரிக்பி என்ற ஆஜானுபாகுவான நடிகர் அந்த விளக்கத்தைத் துளியும் புன்னகைக்காமல் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். அரசு கைவிட்ட ஒரு மனிதன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தனக்கென்று ஒரு பொருளாதாரத்தையே கட்டிக்கொள்கிறான். இதற்கு மேலா உங்களுக்கு ஏதாவது நடக்க வேண்டும்?

இனி ட்ரெவர், ஜில் இருவரின் காதல். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ட்ரெவரும் ஜில்லும் இளசுகள் இல்லை. ஜில் விவாகரத்தானவள். ட்ரெவர் நிச்சயதார்த்தம் முறிந்த மனிதர். இருவரும் இதற்கு முன் ஒருமுறை நம்பி ஏமாந்தவர்கள் என்பதால் பெரிய வார்த்தைகளைத் தொடுவதே இல்லை. ஆறு எபிசோடுகளிலும் மழையில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் காட்சிக்காகக் காத்திருக்காதீர்கள். வேனின் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாலையைப் பார்த்தபடி பேசுகிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வார். நடுவில் மௌனம். பிறகு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். அவளுக்குச் சுற்றுச்சூழல், உள்ளூர்த் தேர்தலில் இயற்கையைக் காக்கும் வேட்பாளராக நிற்கிறாள். அவருக்குக் கால்பந்தும் ஜாஸும் போதும், உலகத்தைத் திருத்தும் உத்தேசம் இல்லை. இப்படி இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மாற்ற முயலாமல், ஒருவர் பேசும்போது இன்னொருவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்பதை மணிக்கணக்கில் காட்டிய தொலைக்காட்சித் தொடர் வேறு எனக்குத் தெரியவில்லை.

மர்மம் எதற்கு இருக்கிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. காணாமல் போன தட்டு இல்லையென்றால் ட்ரெவருக்கு ஜில்லின் வீட்டுக் கதவைத் தட்டக் காரணமில்லை. இன்று சாயங்காலம் அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று ஜில் கேட்பது விசாரணைக்கான கேள்விதான். இன்று சாயங்காலமும் உன்னோடு இருக்கலாமா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஊர் விஷயத்தில் ஆர்வம், சகமனிதர்மேல் ஆர்வம், பக்கத்து சீட்டில் இருப்பவர்மேல் ஆர்வம், மூன்றையும் பிளேட்டர் ஒரே நூலில் கோத்துவிடுகிறார். நீங்கள் பழகிய தொடர்களில் துப்பறிபவருக்குக் காதல் ஒரு இடைஞ்சல். வேலைக்காகக் குடும்பத்தைத் தொலைத்தவர், குடித்துத் தீர்ப்பவர், மகளோடு பேசாதவர், இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்! துப்பறிவதால் ஒருவரின் வாழ்க்கை மலரவும் கூடும் என்று எவரும் உங்களுக்குக் காட்டவில்லை. இந்தத் தொடர் காட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பெண்ணாக. நாம் விரும்பிப் பார்க்கும் எத்தனை தொடர்கள் ஒரு பெண்ணின் சடலத்தில் தொடங்குகின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். காட்டில் கிடக்கிறாள், ஆற்றில் மிதக்கிறாள், பிணவறை மேசையில் படுத்திருக்கிறாள். அவள் என்ன படித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று நமக்குத் தெரியவே போவதில்லை. அவளுடைய சாவு இன்னொருவரின் திறமையைக் காட்டுவதற்கான வாய்ப்பு, அவ்வளவே. எனக்கு இது அலுத்துவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, இதற்கு நாம் பழகிப்போன விதம். ஜில் ஸ்வின்பர்ன் உயிரோடிருக்கிறாள். கேள்வி கேட்கிறாள், எரிச்சல்படுகிறாள், தோற்கப்போவது தெரிந்தும் தேர்தலில் நிற்கிறாள், விசாரணையை முன்னே நின்று நடத்துகிறாள். பார்பரா ஃப்ளின் அந்தப் பாத்திரத்தில் ஒரு புருவத்தைத் தூக்கினாலே ட்ரெவரின் பாதி வாதம் அடங்கிவிடும். இதே ஃப்ளின் 1993-இல் தொடங்கிய 'கிராக்கர்' தொடரில் சிதைந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் மனைவியாக வந்தார். அங்கும் அவர் அபாரம்தான். ஆனால் 'கிராக்கர்' நம் எல்லோர் பட்டியலிலும் இருக்கிறது, 'பைடர்பெக்' இல்லை. நடிப்பில் குறை இல்லை. இருட்டு இருந்தால்தான் கனம் என்ற நம்முடைய கணக்கில்தான் குறை.

இலகுவாக எழுதுவது இலகுவான வேலை என்று நினைக்காதீர்கள். பிளேட்டர் இதை ஒரே மூச்சில் எழுதிவிடவில்லை. 1981-இல் 'கெட் லாஸ்ட்!' என்று ஒரு தொடர் எழுதினார். அதிலும் இரண்டு ஆசிரியர்கள், அதிலும் ஒரு தேடல். ஆலன் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பிரிட்ஜெட் டர்னரும் நடித்தார்கள். தொடர்ச்சி எழுதும் நேரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் கிடைக்கவில்லை. பிளேட்டர் கதையைக் கைவிடாமல் பாத்திரங்களைப் புதிதாகப் படைத்தார். ட்ரெவராக ஜேம்ஸ் போலமும் ஜில்லாக ஃப்ளின்னும் உள்ளே வந்தார்கள். போலம் சண்டர்லாண்டில் பிறந்தவர். பிளேட்டர் அதே வடகிழக்கின் ஜாரோவில் பிறந்தவர். அந்த வட்டாரப் பேச்சு இருவருக்கும் ரத்தத்தில் இருந்தது. ட்ரெவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விடும்போது அது நடிகர் மறந்ததுபோல் இருக்காது, அந்த ஊர்க்காரன் விட்டதுபோலவே இருக்கும். பின்னாளில் 'நியூ ட்ரிக்ஸ்' தொடரில் போலமும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேர்ந்தே நடித்தார்கள் என்பதை நம் கூட்டத்தில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பிளேட்டரே ஜாஸ் பைத்தியம். பிக்ஸ் பைடர்பெக் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1903-இல் பிறந்து, கார்னெட் வாசித்து, 28 வயதிலேயே செத்துப்போனவர். அந்த இசையின் சாயலில் ஃபிராங்க் ரிகோட்டி தொடர் முழுவதற்கும் இசையமைத்தார். கார்னெட் வாசித்தவர் கென்னி பேக்கர். தயவுசெய்து தலைப்பு இசையைத் தள்ளிவிட்டு ஓடாதீர்கள். அதன் நடையில்தான் வசனமும் நடக்கிறது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்கிறார், அடுத்தவர் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார், மூன்றாமவர் ஆசிரியர் அறையின் மூலையிலிருந்து எதிர்பாராமல் நுழைகிறார். அந்த மூன்றாமவர் பெரும்பாலும் சரித்திர ஆசிரியர் கார்ட்டர். டட்லி சட்டன் நடித்த அந்த அலுத்துப்போன மனிதரைப் பார்த்தால், நீங்கள் படித்த பள்ளியிலும் அப்படி ஒருவர் இருந்தது ஞாபகம் வரும். தங்கள் பள்ளியைக் கலிஃபோர்னியச் சிறைச்சாலை ஒன்றின் பெயரால் 'சான் குவெண்டின்' என்று அழைக்கிற ஆசிரியர்கள் அவர்கள். ஒவ்வொரு எபிசோடின் தலைப்பும் அந்த எபிசோடில் முதலில் பேசப்படும் வரிதான். இந்தச் சின்ன ஒழுங்கைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன்; சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

தொடர்ச்சிகள் இரண்டு உண்டு. 1987-இல் 'தி பைடர்பெக் டேப்ஸ்'. ஜாஸ் பாட்டுக்காகக் கேட்டு வாங்கிய ஒலிநாடாவில் அணுக்கழிவை யார்க்‌ஷயரில் கொட்டுவது பற்றிய ரகசியப் பேச்சு பதிவாகியிருக்கிறது. செர்னோபில் விபத்துக்கு மறு ஆண்டு வந்த கதை அது. 1988-இல் 'தி பைடர்பெக் கனெக்‌ஷன்'. அதில் இருவருக்கும் ஒரு குழந்தை. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'முதல் குழந்தை' என்றே அழைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் நன்றாகவே இருக்கும், ஆனால் முதலாவதின் பக்கத்தில் நிற்காது என்பது என் கருத்து. வெளியூர் போனதும் கதையின் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. அந்த வேன் லீட்ஸ் தெருக்களில் ஓடும்போதுதான் அழகு.

ஜோடியாகத் துப்பறியும் இந்த வகையில் இது தனி மரமும் இல்லை. அகதா கிறிஸ்டியின் டாமியும் டப்பென்ஸும் 1983-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். 1987-இல் லார்ட் பீட்டர் விம்ஸியும் ஹாரியட் வேனும் வந்தார்கள். 1997-இல் 'ஜொனாதன் க்ரீக்' வந்தது. புதிர் என்று பார்த்தால் 'ஜொனாதன் க்ரீக்' இவை எல்லாவற்றையும்விடக் கெட்டி. பூட்டிய அறை மர்மங்களில் அதை எழுதிய டேவிட் ரென்விக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூளைக்கு அது போதும். ஆனால் பார்த்து முடித்த மறுநாள் இரண்டு மனிதர்களை நிஜமாகவே தெரிந்துகொண்ட உணர்வு எனக்குப் 'பைடர்பெக்'கில்தான் கிடைத்தது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பாருங்கள். ஆனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடாதீர்கள். அந்த மௌனங்களைச் சுருக்கிவிட்டால் தொடரில் மிஞ்சுவது தட்டு காணாமல் போன செய்தி மட்டுமே. ஒரே இரவில் ஆறையும் விழுங்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று காட்டப்பட்ட தொடர் இது. இரண்டு நாளைக்கு ஒன்று என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு உச்சரிப்பு முதலில் பிடிபடாது, சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். மற்ற தொடர்களில் ஒரு கண்ணை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டே கொலைகாரனைப் பிடித்துவிடலாம். இதில் நீங்கள் கீழே பார்க்கும் அந்தக் கணத்தில்தான் ஜில் ட்ரெவரைத் திரும்பிப் பார்ப்பாள். முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். உங்களோடு பல வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிற ஒருவர் இருந்தால், கணவரோ மனைவியோ தோழியோ, அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நம் குழுக்களில் நீங்கள் போடும் 'பார்க்க வேண்டியவை' பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "டார்க்", "டிஸ்டர்பிங்", "ரத்தம் உறையும்" என்றால் மேலே ஏற்றுகிறீர்கள். "லைட்" என்று யாராவது எழுதினால் கடைசியில், அம்மாவோடு பார்க்கலாம் என்ற குறிப்போடு தள்ளுகிறீர்கள். அந்தக் குறிப்பில் இருக்கும் இளக்காரத்தை விடுங்கள். ஊழலையும் வேலையின்மையையும் போலீஸ் கெடுபிடியையும், அடிபட்ட இரண்டு மனங்கள் மறுபடி ஒருவரை நம்பத் துணிவதையும் ஐந்து மணி நேரத்தில் சொல்லி, அவ்வளவையும் சிரிக்க வைத்தே சொன்ன எழுத்துக்குப் பட்டியலின் மேல்பாதியில் இடம் கொடுங்கள். உங்களில் சிலர் வெப் சீரிஸ் எழுதுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் அடுத்த கதையின் முதல் காட்சியில் ஒரு பெண்ணைக் கொல்வதற்கு முன்னால், இந்த முதல் எபிசோடை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆலன் பிளேட்டர் 2010-இல் காலமாகிவிட்டார். அவருடைய தொடர் டிவிடியாக வந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முதல் எபிசோடைக் கடைசிவரை பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். "ஒண்ணுமே நடக்கலையே" என்ற அந்த ஒற்றை வரியை மட்டும் இனி எனக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி